காருண்யனின் தாயாருக்கு இரண்டு நிமிட மௌனம்

தையல்காரர் சேக் முகைதீன் பாய் தம் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்க் கையெழுத்துத்தான் போட்டிருக்கிறார். அதையும் ஒரு குரங்குக்காகப் போட்டார். 'பெருநாளைக்கு முந்தின நாளே தந்துர்றேன்' என்று வருஷா வருஷம் வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதை இதில் சேர்க்கக்கூடாது. அது வாய்ப்பொய். தொழிலோடு பிறந்தது.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் அவருக்கு ஒரு தகரக் கூரைக் கடை. உள்ளே ஒரு மிஷின், ஒரு வெட்டு மேஜை, ஆணியில் தொங்கும் போன வாரத்து ஜாக்கெட்டுகள். எதிரே மின்சார டிரான்ஸ்பார்மர். 1993 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காற்றாடி நின்றது. தெருவிலிருந்த அத்தனை கடைக்காரர்களும் வெளியே வந்து, கரன்ட் எப்போது வரும் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே விழுந்து கிடந்ததைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

ஒரு தாய்க் குரங்கு. இடது கை முழங்கை வரைக்கும் கரிக்கட்டையாகக் கிடந்தது. வயிற்றோடு ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் உலகத்தில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது. கண்ணை அகல விரித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பாயின் முகத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டது.

"தொடாதீரும் பாய், கரன்ட்டு பாயும்!" என்றார் டீக்கடை வேலுசாமி.

"ஊருக்கே கரன்ட்டு இல்லங்கீரு. எம்மேல பாய மட்டும் எங்கிருந்துய்யா வரும்?"

பாய் வீரர் அல்ல. வீட்டில் பல்லியைக் கண்டால் பெஞ்சாதி ஜெய்னப்பைக் கூப்பிடுகிறவர். ஏன் குனிந்தார், ஏன் ஒரு திரைத் துணியில் அதை ஏந்தினார் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. "அந்தப் பொடிசு பாத்த பார்வையில ஏமாந்துட்டேன்" என்றுதான் சொல்லுவார்.

வேலுசாமி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். "சம்ரட்சணாவுக்குக் கொண்டு போம். அவிய பாத்துக்கிடுவாவ."

சம்ரட்சணா என்பது சர்வ ஜீவ சம்ரட்சணா சங்கம். ஊர்ப்புறத்தில் அடிபடும் குரங்கு, மயில், ஆந்தை, அணில் என எல்லா உயிரையும் காப்பாற்றுவதற்காக ஏழு வருஷத்துக்கு முன்னால் பெரிய மனிதர்கள் கூடி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியை எந்த ஊரில் கட்டுவது என்று முதல் கூட்டத்தில் ராஜபாளையத்தாரும் ஸ்ரீவில்லிபுத்தூராரும் நடத்திய கருத்துப் பரிமாற்றத்தில் இரண்டு நாற்காலிகளும் ஒரு மூக்குக் கண்ணாடியும் உடைந்தன. முடிவில் சமரசமானது. தலைமை அலுவலகமும் அநாதைப் பிரிவும் ராஜபாளையத்தில். காயப் பிரிவு ஸ்ரீவில்லிபுத்தூரில். அன்பு இங்கே, வைத்தியம் அங்கே, நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர்.

செயலாளர் முத்துராமலிங்கம் ஏதோ ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார். அவருக்குள் இருந்த தலைமை எழுத்தர் பெறவில்லை. பாய் மேஜைமேல் துணியை விரித்ததும் அவர் குரங்கைப் பார்க்கவில்லை. கார்பன் தாளைத் தேடினார்.

"விலங்கின் நிரந்தர முகவரி?"

பாய் முழித்தார். "எங்கடைக்கு எதுத்தாப்ல டிரான்ஸ்பார்மர் சார்..."

"டிரான்ஸ்பார்மர், தென்காசி ரோடு" என்று எழுதிக்கொண்டார் செயலாளர். "நகர விலங்கா, வன விலங்கா?"

"கொரங்கு சார்."

"தெரிகிறது. எத்தனை வருஷமாக ஊருக்குள் வசிக்கிறது?"

"போன நோம்புக்கு ஒரு ஜிப்பாவத் தூக்கிட்டுப் போச்சு. அது இவளா, இவ மாமியாளான்னு சரியாத் தெரியல."

தாய்க் குரங்கின் வாயிலிருந்து நுரை வந்தது. பாய் தன் தோள் துண்டால் துடைத்தார். "சார், உசுரு போயிரும் போலிருக்கே."

"போகாது." செயலாளர் முதன்முறையாக நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிறுவனத்தின் பெருமை இருந்தது. "ஏழு வருஷத்தில் எங்கள் வளாகத்தில் ஒரு உயிர்கூடப் போனதில்லை. படிவம் பூர்த்தியாகும்வரை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. நாங்கள் ஏற்றுக்கொள்ளாதது இறந்தால் அது எங்கள் இறப்பாகாது. புரிகிறதா?"

பாய்க்குப் புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினார். தலையாட்டினால் சீக்கிரம் முடியும் என்பது அவர் அனுபவம்.

படிவம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர மணி இரண்டாகிவிட்டது. காயப் பிரிவில் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவரும் கம்பவுண்டர் காளிராஜும் இருந்தார்கள். டாக்டர் நல்லவர். பார்த்தவுடன் கையை எடுத்தாக வேண்டும் என்றார். காளிராஜ்தான் படிவத்தைப் பார்த்தான்.

"பாய், தாய்க்குத்தான் படிவம் இருக்கு. குட்டிக்குக் காயம் எங்க?"

"அதுக்குக் காயம் இல்லப்பா. ஆத்தாளோட வந்துருக்கு."

"காயம் இல்லாதத காயப் பிரிவுல சேக்க முடியாதே. தல ஆபீசுக்குத்தான் கொண்டு போணும்."

"அங்க கேட்டேன். அநாதையா இருந்தாத்தான் சேப்பாகளாம். ஆத்தா உசுரோட இருக்கையில எப்படி அநாதைன்னு கேக்காக."

காளிராஜ் தலையைச் சொறிந்தான். சட்டத்துக்கும் இரக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் செய்யக்கூடியது அது ஒன்றுதான். பிறகு குட்டியின் விரல்களைத் தாயின் ரோமத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒரு விரலைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் விரல் மறுபடி போய்ப் பற்றிக்கொண்டது. கடைசியில் குட்டி பாயின் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டது. பாதி மயக்கத்தில் கிடந்த தாய் வலது கையைக் காற்றில் நீட்டி, இல்லாத ஒன்றைத் தடவியது.

வீட்டுக்குப் போனபோது ஜெய்னப் வாசலில் நின்றாள். "மத்தியானச் சோத்துக்கு வரக் காணோமேன்னு பாத்தா, விருந்தாளியோடல்ல வாரிய!"

"தற்காலிகமா வச்சுக்கச் சொல்லிருக்காவ."

"இங்கன எல்லாம் தற்காலிகந்தான். எங்கல்யாணத்துக்கு ஒங்க அண்ணன்ட்ட ரெண்டு நாளைக்குன்னு எரவல் வாங்குன கோரப்பாய இன்னும் குடுக்கல." திட்டிக்கொண்டே அவள் குட்டியை வாங்கிக்கொண்டாள். பஞ்சைப் பாலில் நனைத்து வாயில் வைத்தாள். அது குடித்தது. இரண்டு பேரும் பரீட்சை பாஸான மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை வயிறு உப்பியது. பேதியானது. கழுத்து தொங்கியது. பாய் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"பசும்பால் ஆகலை. தலைமை அலுவலகத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பால் மாவு டின் இருக்கிறது. பல்பு போட்ட கதகதப்புப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. அதில் வைத்தால் பிழைக்கும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டாது."

திரும்பும் வழியில் பாய் தாயின் கூண்டருகே போனார். கை போய்விட்டது, தோளுக்குக் கீழே கட்டு. குட்டியை உள்ளே விடக் காளிராஜுக்கு அனுமதியில்லை. காட்டக்கூடாது என்று சொல்லவும் அவனுக்கு மனமில்லை. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தாய் கம்பிக்கு வெளியே ஒரே கையை நீட்டி, பாயின் சட்டைக்குள் விட்டு, குட்டியின் முதுகைத் தொட்டது. தொட்டபடியே இருந்தது.

"நல்லாயிரும்" என்றார் பாய் அதனிடம். "நீயும் எந்திரி. ஒங்கிட்ட ஒப்படைக்கது எம்பொறுப்பு. செத்த பொறு." சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. குரங்கிடம் கெடு சொல்லிவிட்டோமே, வாடிக்கைக்காரர்களிடம் சொன்னதுபோல் ஆகிவிடக்கூடாதே என்று பயமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் செயலாளரின் மேஜை.

"தாய்க்குப் பால் வத்திருச்சு சார். வேற வழியில்ல. அந்த டின்னுப் பால்..."

"பால் வற்றுவது அநாதைத் தன்மையில் வராது."

"புள்ள செத்துப்போகும் சார்."

"பிள்ளை சாவது வேறு படிவம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அவரும் ஒரு மனிதரைப் போலத்தான் இருந்தார். குரலைத் தாழ்த்தினார். "பாய், நாங்கள் யாரையும் பொய் சொல்லச் சொல்வதில்லை. படிவம் என்ன கேட்கிறதோ அதைச் சொல்லுங்கள் என்கிறோம். அவ்வளவுதான். 'தாய் இறந்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக இருந்தால் பெட்டி திறக்காது. நிரம்பியிருந்தால் திறக்கும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்று நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

சட்டைக்குள் குட்டியின் மூச்சு விட்டுவிட்டு அடித்தது. பாய் பேனாவை வாங்கினார். 'நேற்று' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். செயலாளர் முத்திரை குத்திய சத்தத்தில் குட்டி திடுக்கிட்டு அவர் நெஞ்சைப் பிறாண்டியது.

பெட்டி திறந்தது. அநாதைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெத்தம்மாள் குட்டியை வாங்கி, பல்புக்கு அடியில் வைத்து, நிப்பிளை வாயில் கொடுத்தாள். நான்காம் நாள் அது எழுந்து உட்கார்ந்தது. சங்கத் தலைவர் வைகுண்டராஜ் நூற்பாலை முதலாளி. அவரே நேரில் வந்து பார்த்து, அதற்குக் 'காருண்யன்' என்று பெயர் சூட்டினார். அன்றிலிருந்து செயலாளர் அதை 'அவர்' என்றே குறிப்பிடலானார்.

இறப்புப் படிவத்தின் நகல் தபால் பையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டது. பன்னிரண்டு கிலோமீட்டரைக் கடக்க அதற்கு நான்கு நாள் பிடித்தது. பாய் தினமும் அரை மணியில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார். தாய் அவரைத் தூரத்தில் கண்டதுமே கம்பிக்கு வந்துவிடும். சட்டைக்குள் கையை விட்டுத் தேடும். இல்லையென்று தெரிந்ததும் வாழைப்பழத்தை வாங்கிக்கொள்ளும். அந்த வரிசை ஒருநாளும் மாறவில்லை. புதன்கிழமை போனபோது கூண்டு கழுவி விடப்பட்டிருந்தது.

"எங்கப்பா அவ?"

காளிராஜ் படிவத்தை நீட்டினான். "செத்துப்போச்சுன்னு தல ஆபீசுலருந்து வந்துருக்கே பாய். ஒங்க கையெழுத்துத்தான்."

"நேத்துப் பழம் தின்னாளேப்பா!"

"எனக்குத் தெரியாதா? நாந்தான உரிச்சுக் குடுத்தேன். ஆனா செத்ததுக்குத் தீனி போட விதியில்ல. கூண்டுல வச்சாக் கேள்வி வரும். பொதைக்கணும்னு எழுதிருக்கு. உசுரோட இருக்கத எப்படிப் பொதைக்க? அதான் டாக்டர் இல்லாத நேரமாப் பாத்து செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்துல விட்டுட்டேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "எங்குடும்பத்தையும் பாக்கணும்ல பாய்."

"தையல் பிரிக்கலியேய்யா" என்றார் பாய். "எட்டு நாத்தான ஆச்சு. தையல் பிரிக்கலியே." ஒரு தையல்காரருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்.

நேராகத் தலைமை அலுவலகம் போனார். தான் எழுதியது பொய் என்றார். தாய் உயிரோடுதான் இருக்கிறாள், செண்பகத்தோப்பில் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்றார். செயலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இறந்ததாக ஏற்றுக்கொண்ட விலங்கை மறுபடி உயிரோடு இருப்பதாக ஏற்றுக்கொள்ளப் பொதுக்குழு கூட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும். கூட்டலாம். ஆனால் தாய் பிழைத்த நிமிஷத்தில் காருண்யன் அநாதை இல்லை. பெட்டியை மூட வேண்டியிருக்கும். பால் மாவு நிற்கும். நீங்களே சொல்லுங்கள். தாயைப் பிழைக்க வைக்கட்டுமா, பிள்ளையையா?"

பாய் எழுந்து வந்துவிட்டார். அன்றைக்குத் தைத்த மூன்று கால்சட்டைகளுக்கும் வலது கால் நீளமாகப் போனது.

அதற்குப் பன்னிரண்டாம் நாள், உச்சி வெயிலில், கடைத் தகரத்தின் மேல் தொம்மென்று ஏதோ விழுந்தது. வேலுசாமிதான் முதலில் பார்த்தார். "ஏ பாய்! ஒம்ம கொரங்கு!"

எப்படி வந்தாள், எத்தனை நாள் நடந்தாள், எத்தனை நாய்களுக்குத் தப்பினாள் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். எலும்பும் தோலுமாக இருந்தாள். கட்டு இல்லை. தையல் இருந்த இடத்தில் பாதி ஆறிப் பாதி வாய் திறந்திருந்தது. டிரான்ஸ்பார்மரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தகர ஓரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, கையை நீட்டி, பாயின் சட்டைக்குள் விட்டாள்.

பாய் அசையாமல் நின்றார். அவள் தேடி முடிக்கும்வரை நின்றார். சோறு கொண்டுவந்திருந்த ஜெய்னப் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு வெட்டு மேஜைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கூரையை விட்டுப் போகவில்லை. காலையில் கடை திறக்கும்போது ஒரு தடவை, மாலையில் சாத்தும்போது ஒரு தடவை, சட்டைக்குள் தேடுவாள். தாய் வந்துவிட்டாள் என்று பாய் எழுத்து மூலமாகவே கொடுத்தார். சங்கத்திலிருந்து மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு வந்தது. வேலுசாமி கடையில் டீ குடித்தது. அண்ணாந்து பார்த்தது. 'மேற்படி குரங்கு காருண்யனின் தாயார் அல்ல. தாயார் ஏற்கெனவே காலமாகிவிட்டபடியால் இது அவரைப் போலத் தோற்றமளிக்கும் வேறொரு ஒற்றைக் கைக் குரங்கு. ஆள்மாறாட்டம் செய்து சலுகை பெற முயல்வதாகக் கருத இடமுண்டு' என்று அறிக்கை தந்தது.

"ஏன் பாய், கொரங்கு பொய் சொல்லுமா?" என்று கேட்டார் வேலுசாமி.

"அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதேய்யா" என்றார் பாய்.

பிள்ளையையாவது அவளிடம் காட்டிவிடலாம் என்று அவர் அலுவலகத்துக்கு நடந்தார். காருண்யன் ஆண்டு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருப்பதால் பார்வையாளர்களைச் சந்திப்பதில்லை என்றார்கள். ஆனால் தலைவருக்கு ஒரு ஆசை இருந்தது. மேடையில் காருண்யன் வெல்வெட் ஷெர்வானி போட்டு வர வேண்டும். பாய் தைத்துத் தர முடியுமா?

பாய் உடனே ஒப்புக்கொண்டார். அளவெடுக்க வேண்டுமே. ஒரு சாண் குட்டிக்கு ஆறு தடவை போய் அளவெடுத்தார். ஒவ்வொரு தடவையும் அது நாடாவைப் பிடித்துக்கொண்டு அவர் சட்டைக்குள் இறங்கிவிடும். அந்தச் சட்டையைத் துவைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டு கடைக்கு வருவார். கூரையிலிருந்து அவள் கையை விட்டுத் தேடுவாள். பிள்ளை இருக்காது, வாசம் இருக்கும். கையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். மறுபடி விடுவாள். இது உபகாரமா சித்திரவதையா என்று பாய் ஜெய்னப்பிடம் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? சட்டைய மட்டும் தொவைக்கக் கேக்காதிய. நா தொவைக்க மாட்டேன்" என்றாள் அவள்.

ஆண்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாழைமரம். மேடையில் பதினாறு நாற்காலி. பாய் தொளதொளவென்றுதான் தைத்துக் கொடுத்திருந்தார். எடுப்பாக இல்லையென்று யாரோ முதுகில் ஊக்கு குத்தி இறுக்கியிருந்தார்கள். வீடியோ விளக்குகளின் வெக்கையில் காருண்யன் மடி மடியாகக் கை மாறினான். ஒவ்வொரு மடியிலும் ஒரு படம். தலைவர் வைகுண்டராஜ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஒரு தாயை நாம் இழந்தோம். ஆனால் ஓர் ஆண்டறிக்கையைப் பெற்றோம். அட்டைப் படத்தைப் பாருங்கள்! அந்தத் தாய் மட்டும் இறக்காமல் இருந்திருந்தால் இந்த அநாதைக்கு நம்மைப் போன்ற நாற்பது பெற்றோர் கிடைத்திருப்பார்களா? இன்று இவனை நாற்பது குடும்பங்கள் தத்தெடுத்திருக்கின்றன. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய தொல்லை கிடையாது. இப்படிப்பட்ட பாசம் உலகத்தில் வேறெங்கே உண்டு? ஆஞ்சநேயரின் வம்சத்தை ஓர் இசுலாமியச் சகோதரர் சுமந்து வந்தார். அதைவிட என்ன வேண்டும் நமக்கு? அந்தப் புகைப்படத்தைத் தனியாகப் பெரிது செய்யச் சொல்லியிருக்கிறேன். இப்போது, காருண்யனின் தாயாருக்காக எல்லாரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காப்போம்."

மண்டபமே எழுந்தது. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் உண்மையாகவே அழுதார். அந்த மௌனத்தில் காருண்யனின் குரல் மட்டும் ஊசி மாதிரி மெலிசாகக் கேட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக இரண்டு நிமிடம் முடிந்ததும் தலையாட்டினார். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

பாய்க்குப் பொன்னாடை போர்த்தி, 'ஜீவகாருண்யச் செம்மல்' பட்டம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பாய் வாழ்க்கையில் ஒலிபெருக்கியைத் தொட்டதில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தாய் சாகலய்யா" என்றார். "நா எழுதுனது பொய். அவ எங்கடைத் தகரத்து மேல உக்காந்துருக்கா. இங்கருந்து நடந்தா எட்டு நிமிசம். புள்ளைய ஒரு அஞ்சு நிமிசம் தாங்க. காட்டிட்டுக் கொண்டாந்துர்றேன். ஒங்களக் கெஞ்சிக் கேக்கேன்."

மண்டபம் அமைதியானது. பாய் ஒரு கணம் நம்பினார். அந்த ஒரு கணத்தை அவர் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

தலைவர் பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "கேட்டீர்களா! கேட்டீர்களா! தாய் சாகவில்லை! நம் பாயின் நெஞ்சக் கூரையில் அமர்ந்திருக்கிறாள்! படிக்காதவர் வாயிலிருந்து வந்த கவிதையைக் கேட்டீர்களா!"

கைதட்டல் நிற்கவே இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் பெத்தம்மாள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. மேஜை மேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"விழாவுக்கு மறுநாளே காச்ச பாய். பால எடுக்கல. நேத்துச் சாயங்காலம் அடங்கிட்டான்."

பாய் மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சார்ட்டச் சொன்னேன். நாப்பது பேருக்குத் தத்துப் பத்திரம் குடுத்தாச்சு, ஒரு வருசத்துக்குள்ள அவர் காலமாக ஏலாதுன்னுட்டாவ. வேற குட்டி கெடைக்கிற வரைக்கும் 'நலமா இருக்கார்'னு சொல்லணுமாம். பொதைச்சா எழுதணுமாம், அதனால சத்தமில்லாம கம்மாய்க் கரையில போட்டுட்டு வான்னாவ." பெத்தம்மாள் மூக்கைத் துடைத்தாள். "கம்மாய் வரைக்கும் போனேன். எறிய வரல. நானும் நாலு பெத்தவதான. இவன் ஆத்தா ஒம்ம கூரையில இருக்கான்னு ஊரே சொல்லுதே. அதான் இங்க வந்துட்டேன்."

பைக்குள் அவன் இன்னும் ஷெர்வானியில்தான் இருந்தான். பாய் கத்தரிக்கோலை எடுத்து, தான் போட்ட தையலைத் தானே ஒவ்வொன்றாக வெட்டினார். வெல்வெட்டை உரித்து எடுத்ததும் உள்ளே ஒரு பிடி ரோமமும் எலும்பும்தான் மிச்சம். ஸ்டூல் மேல் ஏறி, தகரம் சுடுமே என்று விழாவில் போர்த்திய பொன்னாடையை விரித்து, அதன்மேல் கிடத்தினார். எட்டிப் பார்க்க வந்த வேலுசாமியோடு மூன்று பேரும் ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டார்கள்.

அவள் வந்தாள். முகர்ந்தாள். புரட்டிப் போட்டாள். முகத்தைத் தன் முகத்துக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவன் காதுக்குப் பின்னால் எதையோ தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு எடுத்து வயிற்றோடு சேர்த்துவைத்தாள். கையை எடுத்தாள். விழுந்துவிட்டான். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை.

குரங்குக் குட்டி தானாகப் பிடித்துக்கொண்டால்தான் தாய்க்குக் கை மிஞ்சும். இவன் பிடிக்கவில்லை. இருந்த ஒரே கை இவனைப் பிடிப்பதற்குப் போய்விட்டது. கூரை தாவ, சுவர் ஏற, கிளை பற்ற ஒன்றும் இல்லை. அவள் பின்புறக் கழிவுநீர்க் குழாயில் சறுக்கித் தரைக்கு இறங்கினாள். இரண்டு காலில் தத்தித் தத்தி, ஊரின் நடுரோட்டில், பட்டப்பகலில், மனுஷி மாதிரி மேற்கே மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து நாய்கள் வந்தன.

பாய் கஜக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினார். "ஏ நாயே! போ!" வேலுசாமி அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் வந்தவர், பால் பொங்கிவிடும் என்று திரும்பிவிட்டார். பாய் மட்டும் நடந்தார். அவள் நின்றால் அவரும் நின்றார். ஒரு லாரிக்காரன் சத்தம் போட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். அய்யனார் கோயில் ரோட்டில் மாந்தோப்பு ஆரம்பிக்கும் இடத்தில் அவள் முதல் மரத்தடியில் பிள்ளையைக் கீழே வைத்தாள். ஒற்றைக் கையால் முதல் கவட்டை வரை ஏறினாள். குனிந்து பார்த்தாள். இறங்கினாள். எடுத்தாள். ஏற முடியவில்லை. வைத்தாள். ஏறினாள். குனிந்து பார்த்தாள். இறங்கினாள்.

பாய்க்கு அவளுக்கு உதவத் தெரியவில்லை. கிட்டப் போனால் பல்லைக் காட்டினாள், நியாயந்தான். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவளுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து, கஜக்கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். எதிரே மூன்று நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பின்னால் இலை சரசரக்கும், நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சரசரக்கும்.

பொழுது சாய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.